தாத்தாவின் நடைக்கும் பேத்தியின் ஆட்டத்துக்கும்: மயிலாப்பூரிலிருந்து எந்தப் பூங்கா?

மார்ச் மாதம் அப்பா கும்பகோணத்திலிருந்து எங்களோடு வந்து தங்கினார். வயது 71. சர்க்கரை இருக்கிறது, இடது முழங்காலில் தேய்மானம். தினமும் அரை மணி நேரம் சமதரையில் நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் ஐந்து வயது பாப்பா வேறு. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓடி விளையாட இடம் கிடையாது. கீழே இருக்கும் இடமெல்லாம் கார் நிறுத்தத்துக்கே போய்விட்டது. ஹாலில் ஓடினால் கீழ்வீட்டு மாமிக்குத் தலைவலி. இருவரையும் ஒரே நேரத்தில் வெளியே அழைத்துப் போக நான் ஒருத்திதான். ஒன்பது மணிக்கு ஆபீஸுக்கும் கிளம்ப வேண்டும்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், லஸ் சர்ச் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில். கைக்கு எட்டிய தூரத்தில் நாகேஸ்வர ராவ் பூங்கா. 29சி பேருந்தில் ஏறினால் ஒரு பக்கம் செம்மொழிப் பூங்கா, மறுபக்கம் பெசன்ட் நகர் கடற்கரை. ஆட்டோவில் போனால் கிண்டி சிறுவர் பூங்கா. ஒரு நாளை ஒதுக்கினால் அண்ணா நகர் டவர் பூங்கா. கடந்த சில மாதங்களில் இவை எல்லாவற்றுக்கும் இருவரையும் அழைத்துப் போய்ப் பார்த்துவிட்டேன். இதே நிலையில் இருக்கும் வேறு வீடுகளுக்கும் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நானும் பெரிய பூங்காதான் நல்ல பூங்கா என்றே நினைத்தேன். அதனால் செம்மொழிப் பூங்காவிலிருந்து ஆரம்பித்தோம். அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில், கதீட்ரல் சாலையில் இருக்கிறது. பழைய சென்னைக்காரர்களுக்கு அது டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஹோட்டல் இருந்த இடம். காரிலேயே உட்கார்ந்து தோசை சாப்பிடலாம் என்று அப்பா தன் கல்யாணமான புதிதில் அம்மாவை அழைத்துப் போன இடமாம். 2008இல் ஹோட்டல் மூடப்பட்டு, 2010 நவம்பரில் அங்கே பூங்கா திறக்கப்பட்டது. சுமார் 20 ஏக்கர். தோட்டக்கலைத் துறை பராமரிக்கிறது, அது பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஹோட்டல் காலத்துப் பெரிய மரங்களை வெட்டாமல் அவற்றைச் சுற்றியே பாதை போட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்து ஐம்பதடி போனதும் அண்ணா சாலையின் இரைச்சல் தணிந்துவிடுகிறது. அப்பா ஒரு மரத்தடியில் நின்று நிமிர்ந்து பார்த்தார். "இது அப்பவே இங்க இருந்ததும்மா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அங்கே போனதில் எனக்கு நிறைவு.

ஆனால் தினசரிக்கு அது எங்களுக்கு ஒத்துவரவில்லை. பொதுமக்களுக்கான டிக்கெட் நேரம் காலை பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது. அதிகாலையில் நடப்பவர்கள் தனியாக மாதச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தனியாக நடக்கும் பெரியவர், அதுவும் கோபாலபுரம், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர் என்றால் யோசிக்காமல் அந்தச் சீட்டை வாங்கிவிடலாம். நடக்க இதைவிட நல்ல நிழல் நகரின் நடுவில் கிடைப்பது அரிது. எங்கள் பாடு வேறு. விளையாட்டுப் பகுதியில் பாப்பா ஆட ஆரம்பித்தால், நடைபாதையின் பாதி நீளத்துக்கு அவள் என் கண்ணில் படமாட்டாள். வளைவும் செடியுமாக இருப்பது பூங்காவுக்கு அழகுதான். ஆனால் ஒரு கண் தாத்தாவின் மேலும் ஒரு கண் குழந்தையின் மேலும் வைக்க வேண்டிய ஆளுக்கு அந்த அழகே தடை. ஆக அப்பா நடந்தால் பாப்பா சும்மா இருக்க வேண்டும், பாப்பா ஆடினால் அப்பா பெஞ்சில் உட்கார வேண்டும்.

எதிர்ச்சாரியில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2024 அக்டோபரில் திறந்தார்கள். கண்ணாடி மாளிகை, பறவையகம், கம்பியில் தொங்கியபடி பறக்கும் ஜிப்லைன் எல்லாம் உண்டு. திறந்தபோது வைத்த நுழைவுக் கட்டணமே பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50. நாங்கள் மூவரும் ஒருமுறை உள்ளே போக 250 ரூபாய். ஊரிலிருந்து உறவுக்காரப் பிள்ளைகள் வந்தால் அழைத்துப் போக நல்ல இடம். தினமும் நடக்கவும் ஆடவும் என்ற நம் கேள்விக்கு அது விடை இல்லை.

நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் கடைசியாகத்தான் போனோம். பக்கத்திலேயே இருப்பதால் அதை ஒரு பொருட்டாகவே நான் நினைக்கவில்லை. அமிர்தாஞ்சன் தைலத்தை உருவாக்கியவரும், ஆந்திர பத்திரிகா என்ற தெலுங்கு ஏட்டை நடத்தியவருமான காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயர் கொண்ட பூங்கா அது. மொத்தம் நான்கு ஏக்கர் அளவுதான். செம்மொழிப் பூங்காவில் ஐந்தில் ஒரு பங்கு. ஓரமாகவே ஒரு சுற்று வந்தாலும் அரை கிலோமீட்டர் அளவுதான் தேறும். அப்பாவின் நடைக்குச் சுற்றுக்கு ஏழு நிமிடம், நான்கு சுற்றில் டாக்டர் சொன்ன அரை மணி கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

சின்னதாக இருப்பதுதான் எங்களுக்கு வசதி என்று முதல் நாளே புரிந்தது. பாப்பா ஊஞ்சலில் இருக்கும்போது, அப்பா எந்த மூலையில் இருந்தாலும் ஏழு நிமிடத்துக்குள் என் முன்னால் வந்துவிடுவார். வரும்போது கையைத் தூக்கிக் காட்டுவார். பாப்பா, "தாத்தா ஒண்ணு!", "தாத்தா ரெண்டு!" என்று சுற்றை எண்ணுவாள். மூன்றாவது சுற்றில் அவர் வரத் தாமதமானால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நடந்தால் சில சமயம் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். ஒருமுறை அப்படித்தான் நான்காவது சுற்றில் அப்பா வரவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு பெஞ்சில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இன்னொரு பெரியவர் தன் பையிலிருந்து குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் உள்ளே போன பிறகுதான் கிளம்புகிறோம். சட்டைப் பையில் நான்கு மிட்டாயும் இருக்கும்.

அந்தப் பெரியவர் யார் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் தினமும் எதிர்ப்பக்கமாக நடந்து வந்து அப்பாவுக்குத் தலையசைப்பவர். இப்போது இருவரும் ஒரே திசையில்தான் நடக்கிறார்கள். காய்ச்சலில் அப்பா இரண்டு நாள் போகாமல் இருந்து மூன்றாம் நாள் போனபோது, "என்ன சார், ரெண்டு நாளா ஆளைக் காணோம்?" என்று மூன்று பேர் கேட்டார்கள். கும்பகோணத்தில் எழுபது வருஷம் வாழ்ந்துவிட்டு இங்கே நான்காவது மாடியில் யாரையும் தெரியாமல் அடைந்து கிடந்த மனுஷருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை அன்று வீட்டுக்கு வந்து அவர் காபி குடித்த விதத்தில் பார்த்தேன். பூங்காக்களை ஒப்பிடும்போது ஏக்கரையும் டிக்கெட்டையும் எண்ணுகிறோம், இதை எண்ணுவதில்லை. மாதம் ஒருமுறை போகும் பெரிய பூங்காவில் இது கிடைக்காது. தினமும் அதே நேரத்துக்குப் போகும் சின்னப் பூங்காவில்தான் கிடைக்கும். நான் இந்தப் பூங்காவின் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

குறைகளும் உண்டு. காலை ஆறரைக்கு மேல் நடைபாதையில் கூட்டம் நெருக்கும். வேகமாக நடக்கும் இளைஞர்கள் பின்னாலிருந்து உரசிக்கொண்டு போகும்போது முழங்கால் பலவீனமானவர்கள் தடுமாறிவிடுவார்கள். அதனால் ஓரத்தை விட்டு நகர வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மாலையில் போவதென்றால் லஸ் முனையில் மெட்ரோ ரயில் வேலை நடப்பதால், மாற்றுப் பாதையில் வண்டிகள் எந்தப் பக்கமிருந்து வரும் என்றே சொல்ல முடியாது. சாலையைக் கடப்பதற்குள் அப்பாவுக்குப் படபடப்பு வந்துவிடுகிறது. அதனால் எங்களுக்கு அது காலைப் பூங்கா மட்டும்தான்.

விளையாட்டுப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் பெற்றோர் பார்க்க வேண்டியது ஊஞ்சலின் நிறத்தை அல்ல, அதன் அடியில் இருக்கும் தரையை. மணல் நன்றாக ஆழமாக இருந்தால் விழுந்தாலும் சிராய்ப்போடு போகும். சிமெண்ட் தரை, பேவர் பிளாக் என்றால் கையே முறியலாம். மணல் இருந்தாலும், ஊஞ்சலுக்கு நேர் கீழே குழந்தைகள் காலை ஊன்றி ஊன்றி ஒரு பள்ளம் விழுந்திருக்கும், சறுக்குமரம் முடியும் இடத்திலும் அப்படித்தான். மணல் எல்லாம் விலகி, கெட்டித் தரை வெளியே தெரியும். விழும் இடமும் அதுதான். நான் போனதும் செருப்புக் காலால் சுற்றியிருக்கும் மணலை உள்ளே தள்ளி அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டுத்தான் பாப்பாவை ஏறவிடுவேன். மழைக்கு மறுநாள் அதே பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். அதை வெட்டிவிடாமல் விட்டால் கொசுப் புழு வரும்.

அடுத்தது சூடு. தகரச் சறுக்குமரம் ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டரைக்கே கொதிக்க ஆரம்பித்துவிடும். புறங்கையை வைத்துப் பார்த்து, ஐந்து எண்ணும் வரை தாங்க முடியாவிட்டால் குழந்தையை விடக்கூடாது. பிறகு சங்கிலி. வேறொரு பூங்காவில், பெயர் வேண்டாம், ஊஞ்சல் சங்கிலியின் ஒரு வளையம் தேய்ந்து வாய் பிளந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பாப்பாவின் சுண்டுவிரல் தோல் அதில் மாட்டிக் கிழிந்துவிட்டது. இரண்டு வாரம் அவள் எந்த ஊஞ்சலிலும் ஏறவில்லை. மாநகராட்சிப் பூங்காக்களில் இப்படி எதையாவது பார்த்தால் 1913க்கு அழைத்துச் சொல்லலாம். எந்தப் பூங்கா, எந்தப் பக்கம், என்ன உடைந்திருக்கிறது என்று தெளிவாகச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அந்த ஊஞ்சலில் உட்காரப் போவது யார் வீட்டுக் குழந்தையோ.

எட்டு வடிவ நடைபாதை இப்போது பல பூங்காக்களில் இருக்கிறது. பலரும் அப்பாவிடம் அதில் நடக்கச் சொன்னார்கள். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் நடக்கட்டும். ஆனால் அடிக்கடி திரும்பும்போது தேய்ந்த மூட்டில் பாரம் ஒரு பக்கமாக விழுகிறது, தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அதுவும் கூடும். கூழாங்கல் பதித்த பாதையும் அப்படித்தான். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு அதில் நடக்கவே கூடாது. காயம் பட்டது கூடத் தெரியாமல் போய்விடும். அப்பா ஷூ போட்டுக்கொண்டு நேர்ப்பாதையில் நடக்கிறார், அதுவே போதும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

சரி, கடற்கரை? பெசன்ட் நகரில் பாப்பாவின் சந்தோஷத்துக்கு அளவில்லை. மணலை விடப் பெரிய விளையாட்டுச் சாமான் எது? 29சியில், சாதாரணக் கட்டணப் பேருந்தாக வந்தால், எனக்கும் அவளுக்கும் டிக்கெட் இல்லை, அப்பாவுக்கு மட்டும்தான். நடைமேடை நேராக, அகலமாக இருக்கிறது. அப்பா அதில் நடக்க, நாங்கள் மணலில் ஷ்மிட் நினைவுச்சின்னத்துப் பக்கம் உட்காருவோம். நீரில் மூழ்கிய பெண்ணைக் காப்பாற்றப் போய் 1930இல் உயிரை விட்ட டென்மார்க் மாலுமியின் நினைவாகக் கட்டியது அது. அலை பார்க்க எவ்வளவு அமைதியாக இருந்தாலும் பாப்பாவைக் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் விடாமல் இருக்க, அந்த வெள்ளைக் கட்டடம் கண்முன் நிற்பதே எனக்குப் போதும். நிழல் என்பது அங்கே சுத்தமாகக் கிடையாது. ஏழரைக்குள் கிளம்பிவிட வேண்டும். மணல் ஒட்டிய கவுனும் தலையுமாகப் பேருந்தில் திரும்பி, குளிப்பாட்டி, ஆபீஸ் போவது என்பது வார நாளில் நடக்கிற காரியம் இல்லை. சனிக்கிழமைக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கிண்டி சிறுவர் பூங்காவை மற்றவற்றோடு சேர்த்து ஒப்பிடுவதே சரியில்லை. கிண்டி தேசியப் பூங்காவின் ஒரு ஓரம் அது. சுமார் 270 ஹெக்டேர் காடு, ஒரு பெருநகரத்துக்கு நடுவில். புள்ளிமானும் வெளிமானும் அங்கே கூண்டுக்கு வெளியே, தங்கள் சொந்த இடத்தில் வாழ்கின்றன. சிறுவர் பூங்காவைப் புதுப்பித்து 2024இல் திறந்தார்கள். பக்கத்திலேயே 1972இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய பாம்புப் பூங்கா. செவ்வாய்க்கிழமை விடுமுறை, இது தெரியாமல் குழந்தையோடு போய் மூடிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய. திறக்கும்போதே வெயில் ஏறிவிடுவதால் அப்பாவின் நடைக்கு அது ஆகாது. பாப்பாவுக்கோ அங்கே ஊஞ்சல் நினைவுக்கே வரவில்லை. ஒரு மான் வேலியோரம் வந்து காதை மட்டும் திருப்பி இவள் குரலைக் கேட்டது. வீட்டுக்கு வந்ததிலிருந்து கையைத் தலையில் வைத்துக் காதைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, டிசம்பர், ஜனவரி மாதிரி வெயில் தணிந்த நாளில், ஆற அமரப் போக வேண்டிய இடம்.

அண்ணா நகர் டவர் பூங்காவுக்கு மெட்ரோவில் போனோம். அண்ணா நகர் டவர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். 1968இல் நடந்த உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய 135 அடி கோபுரம் பூங்காவின் நடுவே நிற்கிறது. பல ஆண்டுகள் ஏற விடாமல் மூடி வைத்திருந்து 2023இல் மறுபடி திறந்தார்கள். 15 ஏக்கருக்கு மேல், குளம், சறுக்குச் சக்கர வளையம், பூப்பந்து ஆடுகளம் என்று எல்லா வயதுக்கும் ஏதாவது இருக்கிறது. பாப்பா நான்கு வயது மூத்தவளாக இருந்து, நாங்களும் அண்ணா நகரில் குடியிருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி போயிருக்கும். அந்தப் பக்கம் இருப்பவர்கள் வேறு எங்கும் தேட வேண்டாம். எங்களுக்கோ போகவர ஆகும் நேரம் ஆடிய நேரத்தைவிட அதிகம்.

தி. நகரில் இருக்கும் என் நாத்தனார் பனகல் பூங்காவைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மெட்ரோ வேலைக்காக அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்ட பிறகு அவள் மாமனார் நடேசன் பூங்காவுக்கு மாறிவிட்டார். புது இடம் பழகவே அவருக்கு இரண்டு மாதம் பிடித்ததாம். தினமும் போகும் பூங்காவைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்தில் ஏதாவது கட்டுமானம் வரப்போகிறதா என்று விசாரிப்பதும் நல்லது.

ஆக எங்கள் வாரம் இப்போது இப்படி ஓடுகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஆறு மணிக்கு நாகேஸ்வர ராவ் பூங்கா. அப்பாவுக்கு நான்கு சுற்று, வாரத்துக்கு 140 நிமிடம் ஆகிறது. வாரம் 150 நிமிடமாவது நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதியை சனிக்கிழமை பெசன்ட் நகரில் சரிக்கட்டிவிடுகிறார். பாப்பாவின் வயதுக்குத் தினமும் ஒரு மணி நேர ஓட்டம் வேண்டும் என்பது அதே நிறுவனத்தின் கணக்கு. காலையில் நாற்பது நிமிடம் கிடைக்கிறது, மீதி பள்ளியில். செம்மொழிப் பூங்காவுக்கு விடுமுறை நாளில், வெயில் சாய்ந்த பிறகு, என் கணவரும் கூட வரும்போது மட்டும். அவர் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள, நானும் அப்பாவும் அந்தப் பழைய மரங்களுக்கு அடியில் மெதுவாகப் போவோம்.

ஐப்பசி அடைமழை ஆரம்பித்தால் இதில் மாற்றம் வரும். புயல் எச்சரிக்கை வந்தால் மாநகராட்சியே பூங்காக்களை மூடிவிடும். மூடாத நாளிலும் காற்றடித்தால் பழைய மரத்தடிக்குப் போகக் கூடாது. டெங்கு கொசு விடிந்த பிறகும் சாயங்காலமும் கடிப்பது என்பதால் பாப்பாவுக்கு முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் எடுத்து வைத்தாயிற்று. பாசி பிடித்த பேவர் பிளாக்கில் அப்பா வழுக்காமல் இருக்க ஷூவின் அடிப்பாகம் தேய்ந்துவிட்டதா என்றும் பார்த்துவிட்டேன். தேய்ந்துதான் இருக்கிறது. பாண்டி பஜார் போக வேண்டும்.

அப்புறம், மாதத்தின் முதல் ஞாயிறன்று நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக் இல்லாமல் ஒரு கச்சேரி நடக்கும். பாடுவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். போன முறை பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் மோகனம் பாடும்போது, மரத்தில் கிளி கத்தியது, அவள் சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பாப்பா என் மடியிலிருந்து இறங்கி, முன்னால் போய், தாத்தாவின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாளை மறுநாள் மறுபடி முதல் ஞாயிறு. ஏழு மணிக்கு ஆரம்பித்துவிடும், ஆறே முக்காலுக்குள் போனால்தான் அப்பாவுக்குச் சாய்ந்து உட்கார பெஞ்ச் கிடைக்கும்.